காற்றாலையை உடைத்தது புயலா, கணக்கா? யார் இந்த பால்மர் பட்னம்?

காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையில் பைக்கில் போகிறவர்களுக்குத் தெரியும், மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஆளையே தள்ளும். ஆனால் அந்தப் பக்கத்தில் மின்சாரம் எடுப்பது காற்றிலிருந்து இல்லை. வட சென்னை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியிலிருந்து. இவ்வளவு காத்து அடிக்குதே, நாலு காற்றாலை வைத்தால் என்ன?

இதே கேள்வியை 1934இல் அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் ஒருவர் கேட்டார். அங்கே வீடு கட்டியிருந்த அவருக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, ஓயாத காற்று. இன்னொன்று, கரண்ட் பில். அவர்தான் பால்மர் காஸ்லெட் பட்னம்.

யார் இவர்?

1900இல் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் ஹேவன் பட்னம், நியூயார்க்கின் பெரிய பதிப்பாளர். மகன் எம்.ஐ.டி.யில் படித்தது நிலவியல். டர்பைனுக்கும் இவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர். எம்.ஐ.டி.யின் வன்னெவர் புஷ், விமானவியல் மேதை தியோடர் வான் கார்மன் வரை திட்டத்துக்குள் இழுத்துவந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் ஜெனரேட்டர் தந்தது. பணம் போட்டது, அணைகளுக்கு டர்பைன் செய்துவந்த எஸ். மார்கன் ஸ்மித் நிறுவனம். இன்று காற்றாலைத் திட்ட மேலாளர் என்ற பதவியில் இருப்பவர் செய்யும் வேலையும் பெரும்பாலும் இதுதான்: இடம், பணம், நிபுணர், கரண்டை வாங்கும் மின் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது.

மரத்தைப் பார்த்து அளந்த காற்று

வெர்மான்ட் மாநிலத்தில் 'கிராண்ட்பாஸ் நாப்' என்ற, சுமார் 2,000 அடி உயர மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைவிட உயரமான மலைகளில் இறக்கையில் பனி உறைந்துவிடுமோ என்று பயம். காற்று எவ்வளவு என்பதை, மரங்கள் எந்த அளவு சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்பதையும் வைத்து மதிப்பிட்டார்கள். மணிக்கு 24 மைல் வரும் என்றார்கள். வந்தது 17 மைல்தான்.

ஏழு மைல்தானே என்று விட முடியாது. காற்றின் வேகம் பாதியானால் அதில் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் இப்போதெல்லாம் கோபுரம் நட்டு, குறைந்தது ஒரு வருஷமாவது காற்றை அளக்காமல் எந்த வங்கியும் காசு தராது. முகத்தில் அறைகிற காற்று வேறு, விற்கக்கூடிய காற்று வேறு.

இருந்தாலும் 1941 அக்டோபர் 19ஆம் தேதி சாயங்காலம் அந்த இயந்திரம் மின்தொகுப்பில் இணைந்தது. 1,250 கிலோவாட். இறக்கை வட்டத்தின் விட்டம் 53 மீட்டர். இரண்டே இறக்கை, ஒவ்வொன்றும் எட்டு டன் எஃகு. மெகாவாட்டைத் தாண்டிய உலகின் முதல் காற்றாலை அது.

அப்புறம் என்ன ஆச்சு?

1943 பிப்ரவரியில் முக்கியமான பேரிங் போனது. போர்க்காலம், மாற்று பேரிங் கிடைக்க இரண்டு வருஷம். அதுவரை இறக்கைகள் சுற்றாமல் மலை உச்சியில் காற்றை வாங்கிக்கொண்டு நின்றன. இறக்கையின் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல்கள் இருப்பது முன்பே தெரியும். அந்த வடிவமைப்பே பலவீனம் என்பதும் தெரியும். புது இறக்கை செய்யப் போர் விடவில்லை. மலையிலேயே வெல்டிங் வைத்தார்கள். ஓட்டுவதா, நிறுத்துவதா? 1945 மார்ச்சில் ஓட்டினார்கள்.

மூன்று வாரம்கூட முழுசாக ஓடியிருக்கும், அவ்வளவுதான். மார்ச் 26 விடியற்காலை ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு 750 அடி தள்ளிப் போய் விழுந்தது. மேலே பணியில் இருந்த தொழிலாளி தூக்கியெறியப்பட்டும், எழுந்து வந்து இயந்திரத்தை நிறுத்தினார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

இறக்கை உடைந்ததால் திட்டம் செத்தது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். அது பாதிக் கதை. இறக்கையைத் திரும்பச் செய்திருக்கலாம். நிறுவனம் உட்கார்ந்து கணக்குப் போட்டது: இதேபோல ஆறு காற்றாலை வைத்தால் ஒரு கிலோவாட்டுக்கு 191 டாலர் ஆகும். மின் நிறுவனத்துக்கு அது பெறுமானம் 125 டாலர்தான். அதுவரை சுமார் 12.5 லட்சம் டாலர் போட்டவர்கள், அத்தோடு கையைக் கழுவினார்கள். மொத்தமாக அந்த இயந்திரம் ஓடியது சுமார் 1,100 மணி நேரம்.

பட்னம் அதற்குள் போர் ஆராய்ச்சிக்குப் போயிருந்தார். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் 'டக்' லாரியை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நார்மண்டியில் சரக்கு இறக்கியது அந்த லாரிதான். 1948இல், காற்றாலையில் எங்கே தப்பு நடந்தது என்பதை மறைக்காமல் ஒரு புத்தகமாக எழுதினார். தோற்ற திட்டத்தின் கணக்கை இப்படித் திறந்து வைப்பவர்கள் அபூர்வம். 1970களில் எண்ணெய் விலை ஏறி, மறுபடி பெரிய காற்றாலை பற்றிப் பேச்சு வந்தபோது பொறியாளர்கள் தேடிப்போனது அந்தப் புத்தகத்தைத்தான். அவருடைய அளவைத் தாண்டிய இயந்திரம் வந்ததே 1970களின் பிற்பகுதியில்தான்.

1984இல் பட்னம் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1986இல், தூத்துக்குடியில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. அதில் நின்ற இயந்திரங்கள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட்.