உதவித்தொகையின் அருமை அறிந்தவர்

பரோடா மன்னர் சயாஜிராவ் வழங்கிய உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் அம்பேத்கர். பின்னர் லண்டனில் பயின்றபோது, 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. ஊதியத்தில் சேமித்தும் கடன் பெற்றும் 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923-இல் ஆய்வுப் பட்டம் பெற்றார்.

1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பட்டியலின மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என அதே ஆண்டு வைஸ்ராயிடம் மனு அளித்தார். 1944-இல் அவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக்' கல்வி உதவித்தொகை தொடங்கப்பட்டது.

பணம் நின்றால் படிப்பும் நிற்கும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. உதவித்தொகையை மேற்பார்வையிடும் அரசுக் குழுக்களில், அதைப் பெறும் மாணவர்களுக்கும் ஓர் இருக்கை அளிப்பதே முறை.