டிம் ஹார்ட்டன்: காப்பிக் கடைப் பெயருக்குப் பின்னால் மறைந்த தடுப்பாட்டக்காரர்

கனடாவில் குடியேறிய தமிழர்களுக்கு டிம் ஹார்ட்டன்ஸ் என்ற பெயரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில் அதிகாலைப் பணிக்குச் செல்வோர் முதலில் நுழையும் இடம் அந்தக் காப்பிக் கடையாகவே பெரும்பாலும் இருக்கிறது. புதிதாக வந்திறங்கிய பலருக்கு முதல் வேலை கிடைத்ததும் அங்கேதான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் காப்பி வியாபாரி அல்லர் என்பதும், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஐஸ் ஹாக்கி களத்தில் எதிரணியினரை மறித்து நின்ற ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதும் அங்கு வரிசையில் நிற்போரில் பலரும் அறியாத செய்தியாகும்.

மைல்ஸ் கில்பர்ட் ஹார்ட்டன் 1930ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, ஒண்டாரியோ மாகாணத்தின் வடகோடியில் உள்ள கொக்ரேன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ரயில்வே தொழிலாளி. தாய் தன் மகனுக்கு விரும்பிய பெயர் டிம். ஆனால் பிறப்புப் பதிவில் ஏறியவை இரு பாட்டனார்களின் பெயர்கள். தாய் அழைத்த பெயரே கடைசிவரை அவருக்கு நிலைத்தது.

சுரங்கத் தொழிலை நம்பி வாழ்ந்த சட்பரி பகுதியில் அவர் ஹாக்கி ஆடி வளர்ந்தார். அத்தகைய ஊர்களில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு அக்காலத்தில் தெரிந்த வழிகள் இரண்டு: ஒன்று சுரங்கம், மற்றது ஹாக்கி. 1947ஆம் ஆண்டில் டொரண்டோவின் புனித மைக்கேல் கல்லூரிப் பள்ளிக்கு வந்து சேர்ந்த ஹார்ட்டனுக்கு, டொரண்டோ மேப்பிள் லீப்ஸ் அணியின் கதவு திறந்தது. ஆயினும் உடனடியாக அல்ல. 1949 முதல் மூன்று பருவங்கள் அந்த அணிக்கு ஆட்டக்காரர்களைத் தயார் செய்து தந்த பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் அணியில் ஆடிய பின்னரே, 1952இல் டொரண்டோவில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்தது.

ஐஸ் ஹாக்கியில் கோல்காப்பாளர் உட்பட அணிக்கு ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். அவர்களில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். பக் எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு தம் கோலை நெருங்காதவாறு தடுப்பதும், தேவைப்பட்டால் உடலையே குறுக்கே வைப்பதும் அவர்களது பணி. கோல் அடிப்பவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். தடுத்தவரின் பெயர் அநேகமாக வராது.

ஹார்ட்டனின் உடல் வலிமை அக்காலத்தில் ஒப்புவமை இல்லாததாகக் கருதப்பட்டது. எனினும் அவர் அந்த வலிமையைச் சண்டைக்குப் பயன்படுத்தியவர் அல்லர். களத்தில் கைகலப்பு மூண்டால், எதிராளியைக் குத்துவதற்குப் பதிலாக இரு கைகளாலும் இறுகக் கட்டிப்பிடித்து அசையவிடாமல் செய்வது அவரது வழக்கம். அந்தக் கரடிப்பிடிக்குச் சிக்கியவர்கள் மீண்டும் சண்டைக்கு வர விரும்பியதில்லை என்பார்கள். இத்தனைக்கும் அவருக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு இருந்தது. களத்துக்கு வெளியே கண்ணாடி அணிந்த, சாதுவான தோற்றமுடைய மனிதர் அவர்.

1955ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் பில் காட்ஸ்பியுடன் நேர்ந்த மோதலில் அவரது காலும் தாடையும் முறிந்தன. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியை அவர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 25. குடும்பமும் இருந்தது.

இந்த இடத்தில் அன்றைய தொழில்முறை ஹாக்கியின் நிலையைச் சொல்லியாக வேண்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அப்போது ஆறே அணிகள்தான் இருந்தன. ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்த உரிமை அணி முதலாளியின் கையில் இருந்தது. விரும்பிய அணிக்கு மாறிச் செல்ல வழியில்லை. 1957இல் டெட் லின்ட்ஸியும் டக் ஹார்வியும் முன்னின்று ஒரு சங்கம் அமைக்க முயன்றபோது, முதலாளிகள் அதை முறியடித்தனர். நிலைத்து நின்ற சங்கம் உருவாக 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே, புகழ்பெற்ற ஆட்டக்காரர்களும் கோடைக் காலத்தில் வேறு வேலை தேடிக்கொண்டனர். கால் ஒருமுறை முறிந்தவருக்கு ஆட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிய அச்சம் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் ஆட்டத்தில் அவரது பொற்காலம் அதன் பின்னரே வந்தது. டொரண்டோ அணி 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர் அதன் தூண்களில் ஒருவராக இருந்தார். 1962 கோப்பைச் சுற்றின் 12 ஆட்டங்களில் 3 கோல்களை அடித்து, 13 கோல்களுக்கு உதவினார். ஒரு தடுப்பாட்டக்காரருக்கு அது அன்றைய சாதனை. 1961 பெப்ரவரி முதல் 1968 பெப்ரவரி வரை தொடர்ச்சியாக 486 லீக் ஆட்டங்களில், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அவர் ஆடினார். தடுப்பாட்டக்காரர்களில் இந்தச் சாதனையை முறியடிக்க, 2007இல் லாத்வியாவின் கார்லிஸ் ஸ்க்ராஸ்டின்ஸ் வரவேண்டியிருந்தது. கோல் எண்ணிக்கையை விட இந்த 486தான் ஹார்ட்டன் யார் என்பதைச் சரியாகச் சொல்கிறது.

வியாபாரத்தில் அவரது தொடக்கம் தோல்வியே. ஹாம்பர்கர் உணவகங்களை நடத்திப் பார்த்தார். கார் விற்பனையிலும் இறங்கினார். இரண்டும் நிலைக்கவில்லை. 1964ஆம் ஆண்டு, எஃகு ஆலைகள் நிறைந்த ஹாமில்டன் நகரின் ஒட்டாவா வீதியில் டோனட்டும் காப்பியும் விற்கும் கடையொன்றைத் திறந்தார். ஆலைகளில் முறைவைத்து வேலை செய்தோர் நிறைந்த ஊர் என்பதால் இடத் தேர்வு பலித்தது. அடுத்த ஆண்டில் அந்தக் கடையை நடத்த முன்வந்த ரான் ஜாய்ஸ், முன்னாள் பொலிஸ்காரர். 1967இல் அவர் முழுப் பங்காளியானார். ஹார்ட்டன் ஆடிக்கொண்டிருந்த காலங்களில் கடைகளைப் பெருக்கியவர் ஜாய்ஸ்தான்.

1970இல் டொரண்டோ அவரை நியூயார்க்குக்கு மாற்றியது. பின்னர் பிட்ஸ்பர்க், அதற்குப் பின் பபலோ. நாற்பது வயதைத் தாண்டியவரை பபலோ சேபர்ஸ் அணிக்கு அழைத்தவர், டொரண்டோவில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்த பஞ்ச் இம்லக். மேலும் ஒரு பருவம் ஆடச் சம்மதித்ததற்காக, டி டொமாசோ பன்டெரா என்ற இத்தாலிய விரைவுக் கார் அவருக்கு வழங்கப்பட்டது.

1974 பெப்ரவரி 20ஆம் தேதி இரவு பபலோ அணி டொரண்டோவில் ஆடியது. தாடையில் காயத்துடன் களமிறங்கிய ஹார்ட்டன் கடைசிப் பகுதியில் முழுமையாக ஆடவில்லை. பபலோ தோற்றது. இருந்தும் அன்றைய சிறந்த மூவரில் ஒருவராக அவர் தெரிவானார். ஆட்டம் முடிந்ததும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு, வழியில் ஓக்வில்லில் இருந்த தமது அலுவலகத்தில் ஜாய்ஸைச் சந்தித்துவிட்டு, பபலோ நோக்கிப் புறப்பட்டார். மறுநாள் விடியுமுன், செயின்ட் கேத்தரின்ஸ் அருகே நெடுஞ்சாலையில் அதிவேகமாகச் சென்ற கார் தடம் புரண்டு உருண்டது. இருக்கைப் பட்டி அணியாத ஹார்ட்டன் வெளியே தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இந்த விபத்தின் முழு விவரம் மூன்று பத்தாண்டுகளாக மக்களுக்குத் தெரியவில்லை. 2005இல் பிரேதப் பரிசோதனை அறிக்கை வெளியானபோதுதான், அவரது இரத்தத்தில் சட்டம் அனுமதித்த அளவைப் போல இரு மடங்கு மது இருந்தது தெரியவந்தது. ஒரு தேசமே காலையில் உச்சரிக்கும் பெயராக அது ஆகிவிட்டிருந்த நிலையில், இந்தச் செய்தி பலருக்கும் கசப்பாகவே இருந்தது. உண்மையை முன்பே சொல்லியிருந்தால் அவரது ஆட்டத்தின் மதிப்பு குறைந்திருக்காது.

அவர் இறந்தபோது சுமார் 40 கடைகள் இருந்தன. நான்கு பெண்பிள்ளைகளுடன் கைம்பெண்ணான மனைவி லோரி, 1975இல் தமது பங்கைப் பத்து இலட்சம் டொலருக்கு ஜாய்ஸுக்கு விற்றார். நிறுவனம் பன்மடங்கு வளர்ந்த பின்னர், விற்பனை செய்த வேளையில் தாம் தெளிவாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கவில்லை என்று கூறி அவர் வழக்குத் தொடுத்தார். 1993இல் அவ்வழக்கு தள்ளுபடியானது, மேல்முறையீடும் பலிக்கவில்லை. லோரி 2000ஆம் ஆண்டில் காலமானார். சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனாலும், கணவர் ஈட்டிய பெயர் நாடெங்கும் பலகைகளில் தொங்க, அதில் குடும்பத்துக்குப் பங்கில்லாமல் போன கதை கேட்போரைச் சங்கடப்படுத்தவே செய்கிறது.

ஹார்ட்டன் 1977இல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். மொத்தம் 1,446 லீக் ஆட்டங்களில் ஆடிய அவர் அணிந்த எண்களை, பபலோ 1996இலும் டொரண்டோ 2016இலும் இனி எவருக்கும் வழங்குவதில்லை என அறிவித்தன. அவரது பெயரைத் தாங்கிய கடைகள் 2022இல் டெல்லிக்கும் வந்து சேர்ந்தன. ஹார்ட்டன் குடும்பத்தைப் பொறுத்தவரை அந்த வியாபாரத்துடனான தொடர்பு வேறொரு வழியில் மீண்டது: ஹார்ட்டனின் மூத்த மகள் மணந்துகொண்டது ரான் ஜாய்ஸின் மகனைத்தான்.