27 வயதில் ஓய்வு, பிறகுதான் பறந்தார்

அமெரிக்கக் கடற்படை 1916 மார்ச் மாதம் ஓர் இளம் அதிகாரிக்கு ஓய்வு கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 27. காரணம், கணுக்கால். கடற்படைக் கல்லூரியில் படிக்கும்போது உடற்பயிற்சிக் கூடத்தில் உயரத்திலிருந்து விழுந்து உடைந்த கால் அது. சரியாகக் கூடவே இல்லை. கப்பல் தளத்தில் மணிக்கணக்கில் நின்று பணி பார்க்க முடியாத அதிகாரிக்கு மேலே போக வழியில்லை என்பதே அன்றைய நிலை.

அவர் பெயர் ரிச்சர்ட் பேர்ட். பறவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும் குடும்பப் பெயர். அண்டார்க்டிகா வரைபடத்தின் மேற்குப் பகுதியில் ‘மேரி பேர்ட் லேண்ட்’ என்று எழுதியிருப்பதை மாணவர்கள் பார்த்திருக்கலாம். அந்த நிலப்பரப்புக்கு அவர் தம் மனைவியின் பெயரை வைத்தார்.

1888இல் வெர்ஜீனியாவில் பிறந்த பேர்ட், பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே குடும்ப நண்பர் ஒருவரைப் பார்க்கத் தனியாகப் பிலிப்பைன்சுக்குக் கப்பலேறியவர். அப்படிப்பட்டவரை ஒரு மேசைக்கு முன் உட்கார வைத்தால் எத்தனை நாள் உட்காருவார்? 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஆள் தேவைப்பட்டது. ஓய்வு பெற்றவர்களையும் திரும்ப அழைத்தார்கள். பேர்ட் விமானப் பயிற்சி கேட்டார். விமானி உட்கார்ந்துகொண்டுதானே பறக்கிறார், கணுக்கால் அங்கே என்ன தடை? ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் பயிற்சி முடித்துக் கடற்படை விமானியானார்.

ஆனால் அவரைப் பெரிய விமானி என்று நான் சொல்லமாட்டேன். வரலாற்றில் இடம்பெற்ற அவருடைய பயணங்களில் விமானத்தை ஓட்டியவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள். பேர்டின் திறமை வழி கண்டுபிடிப்பதில் இருந்தது. கடலில் செக்ஸ்டன்ட் என்ற கருவியை வைத்துக்கொண்டு, தொடுவானத்துக்கு மேலே சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் மேகமும் மூட்டமும் தொடுவானத்தை மறைத்துவிடும். அதற்குப் பதிலாகக் கருவிக்குள்ளேயே ஒரு காற்றுக் குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் முறையை உருவாக்கியவர்களில் பேர்ட் ஒருவர். கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தின் அதே தத்துவம்தான். 1919இல் கடற்படையின் விமானம் ஒன்று முதன்முதலாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது, வழிகாட்டும் ஏற்பாடுகளைச் செய்தவர் அவர். கடக்கும் விமானத்தில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆகாயக் கப்பலில் ஏற வேண்டியவர், தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் இடத்தை இழந்தார். அந்த ஆகாயக் கப்பல் ஹல் நகரத்தின் மேலே முறிந்து விழுந்து 44 பேர் இறந்தார்கள்.

1926 மே 9. நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து மூன்று எஞ்சின் கொண்ட ஃபாக்கர் விமானம் ஒன்று நள்ளிரவுக்குப் பின் கிளம்பியது. அங்கே மே மாதத்தில் சூரியன் மறைவதில்லை. விமானத்தை ஓட்டியவர் ஃபிளாய்ட் பென்னட். வழி சொன்னவர் பேர்ட். காந்தத் திசைகாட்டி துருவத்தருகே நம்பகமாக இருக்காது என்பதால் சூரியனை வைத்துத் திசை காட்டும் கருவி ஒன்றைக் கொண்டு போனார்கள். வழியில் ஓர் எஞ்சினில் எண்ணெய் கசியத் தொடங்கியது. இருந்தும் திரும்பவில்லை என்றும், வடதுருவத்தை அடைந்து சுற்றிவிட்டு வந்ததாகவும் பேர்ட் அறிவித்தார். போய்வந்த நேரம் சுமார் பதினைந்தரை மணி.

மூன்று நாள் கழித்து, நார்வே நாட்டு அமுண்ட்சென் ஆகாயக் கப்பலில் அதே துருவத்தின் மேலே பறந்தார். ஆனால் முதலில் பறந்தவர் என்ற பெயர் பேர்டுக்குப் போய்விட்டது. நியூயார்க் அவரை ஊர்வலமாக வரவேற்றது. பேர்டுக்கும் பென்னட்டுக்கும் நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கத்தின் குழு ஒன்று ஆவணங்களைப் பார்த்து ஏற்றுக்கொண்டது.

ஐரோப்பாவில் சிலர் அப்போதே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். நீங்களும் போடலாம். ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து துருவத்துக்குப் போய்வரச் சுமார் 2,470 கிலோமீட்டர். பதினைந்தரை மணியால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர். சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய அந்த விமானம் அவ்வளவு வேகத்தில் இடைவிடாமல் பறந்திருக்குமா என்று கேட்டார்கள். பின்னாலிருந்து காற்று தள்ளியது என்பது பேர்டின் பதில். கேள்வி அன்றோடு முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பென்னட் அதிக நாள் வாழவில்லை. 1928இல், பனியில் சிக்கிய வேறு விமானிகளை மீட்கக் கிளம்பியவர் நிமோனியாவில் இறந்தார். மறு ஆண்டு நவம்பர் இறுதியில் பேர்ட் தென்துருவத்தை நோக்கிப் பறந்தபோது, அந்த விமானத்தின் பெயர் ஃபிளாய்ட் பென்னட். ஓட்டியவர் நார்வேயில் பிறந்த பெர்ன்ட் பால்சென். மலைகளுக்கு நடுவே பனியாற்றின் மேல் உயர முடியாமல் விமானம் திணறியது. எரிபொருளைக் கொட்டினால் திரும்ப முடியாது. உணவைக் கொட்டினால், வழியில் இறங்க நேர்ந்தால் பட்டினி. உணவு மூட்டைகளைத் தள்ளினார்கள். விமானம் மேலேறிக் கணவாயைத் தாண்டியது. துருவத்தின் மேலே அமெரிக்கக் கொடி ஒன்றைப் பேர்ட் கீழே போட்டார். அது காற்றில் பறந்துவிடாமல் இருக்க, பென்னட்டின் கல்லறையிலிருந்து எடுத்து வந்த கல்லை அதில் கட்டியிருந்தார். இந்தப் பயணத்தை யாரும் சந்தேகித்ததில்லை. ஓய்வு பெற்றோர் பட்டியலில் இருந்தபடியே 41 வயதில் அவர் ரியர் அட்மிரல் ஆனார்.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் பிடித்திழுப்பது இந்த இரு பயணங்களும் அல்ல, 1934. அண்டார்க்டிகாவின் கரையோரத்தில் இருந்த தம் முகாமிலிருந்து 198 கிலோமீட்டர் தெற்கே, பனிக்குள் புதைத்த ஒரு சிறு மரக்குடிலில் குளிர்காலம் முழுவதும் வானிலை அளக்கத் திட்டமிட்டார். மூன்று பேர் தங்குவதாக இருந்தது. மூவருக்குப் போதுமான பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. இருவர் என்றால் அந்த இருட்டில் ஒருவரையொருவர் வெறுத்துவிடுவார்கள் என்று நினைத்தார். ஆகவே ஒருவர், அந்த ஒருவர் தாமே. புகழாசைதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 28 முதல் அவர் தனியாக இருந்தார். ஏப்ரலில் சூரியன் மறைந்தது, இனி ஆகஸ்டில்தான் வரும். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியையும் தாண்டியது. குடிலைச் சூடாக்கும் அடுப்பின் புகைபோக்கியில் கசிவு இருந்தது. போதாததற்குப் பனி வந்து அடைத்துக்கொள்ளும். வானொலிக்கு மின்சாரம் தரும் பெட்ரோல் எஞ்சின் பக்கத்துச் சுரங்கத்தில் ஓடியது. இரண்டும் கார்பன் மோனாக்சைடைக் கக்கின. நிறமும் மணமும் இல்லாத வாயு அது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மே 31 அன்று, முகாமுடன் வானொலித் தொடர்பில் இருந்த வேளையில் எஞ்சினைப் பார்க்கப் போனவர் சுரங்கத்திலேயே மயங்கி விழுந்தார்.

அன்றிலிருந்து அவர் முன்னே இருந்தவை இரண்டு வழிகள். அடுப்பை எரித்தால் நஞ்சு, அணைத்தால் உறைந்து சாவு. பகலில் பல மணி நேரம் அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தார். சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. ஆனாலும் வானிலைக் கருவிகளின் பதிவுகளை விடாமல் கவனித்தார்.

முகாமிலிருந்து பேசுபவர்களின் குரல் அவருக்குக் கேட்கும். அவர் பதிலை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்ட வேண்டும். நலமாக இருப்பதாகவே தட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இருந்த அந்த முகாமிலிருந்து ஆட்கள் உடனே கிளம்பிவிடுவார்கள், இருட்டில் பனிப்பிளவுகளில் விழுந்து சாவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் தட்டிய குறியீடுகள் வர வரக் குழம்பின. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. விண்கற்களைக் கவனிக்க வருகிறோம் என்று வெளிக்காரணம் சொல்லி, பௌல்டர் என்ற இயற்பியலாளர் தலைமையில் டிராக்டரில் கிளம்பினார்கள். இரண்டு முறை முடியாமல் திரும்பினார்கள். மூன்றாவது முறை, ஆகஸ்ட் 10 இரவு, மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். எலும்பும் தோலுமாக வெளியே வந்த பேர்ட், சூடான சூப் வைத்திருப்பதாகச் சொல்லி அவர்களைக் கீழே அழைத்தார். பிறகு சரிந்தார். விமானத்தில் ஏற்றிச் செல்லும் அளவுக்கு உடல் தேற அக்டோபர் வரை ஆனது. நான்காண்டுகள் கழித்து இந்த அனுபவத்தை ‘அலோன்’ என்ற நூலாக எழுதினார். நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள். வீரக்கதை எதிர்பார்ப்பவர்களுக்கு அதில் வேறொன்று காத்திருக்கிறது.

1946-47இல் 13 கப்பல்கள், 4,700 பேர் கொண்ட கடற்படைப் பயணத்துடன் மீண்டும் அண்டார்க்டிகா போனார். 1957 மார்ச் 11 அன்று, 68 வயதில் பாஸ்டனில் காலமானார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அவருடைய தாள்களும் பெட்டிகளும் பின்னர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. 1996இல் அவற்றிலிருந்து 1926ஆம் ஆண்டுப் பயணத்தின் குறிப்பேடு வெளிப்பட்டது. சூரியனின் உயரத்தை அளந்து எழுதிய எண்கள் சில அதில் அழிக்கப்பட்டிருந்தன. ஆனாலும் படிக்க முடிந்தது. அவர் அதிகாரப்பூர்வமாகக் கொடுத்த அறிக்கையுடன் அவை ஒத்துப்போகவில்லை. விமானம் துருவத்துக்குச் சுமார் 240 கிலோமீட்டர் முன்பே திரும்பிவிட்டது என்று கணக்கிட்டார் ஓர் ஆய்வாளர். பறந்துகொண்டே கணக்குப் போடுபவர் தவறாக எழுதியதை அழித்துத் திருத்துவது இயல்புதான், காற்றும் உதவியிருக்கலாம் என்று வாதிட்டார் இன்னொருவர். இரு தரப்பும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கசியும் எஞ்சினும் அழித்த எண்களும் சேர்ந்து என்னைச் சந்தேகப்படுபவர்களின் பக்கமே சாய்க்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம் பெயரைக் காக்க வேண்டுமென்றால் அந்தக் குறிப்பேட்டை அவர் எரித்திருக்கலாம். முப்பது ஆண்டு அவகாசம் இருந்தது. எரிக்கவில்லை. எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காததால் பென்னட்டுக்கு அவர் எழுதிக் காட்டிய வரிகளும் அதே குறிப்பேட்டில்தான் இருக்கின்றன.