பிரமதநாத போஸ்

மதுரையில் வாழும் நமக்குச் செம்பு புதிதன்று. வீட்டுக் குடமும் கோயிற் கலசமும் நாம் நாள்தோறும் காண்பவை. எனினும் அச்செம்பு எங்கிருந்து வந்ததென்று நாம் வினவுவதில்லை. வைகைச் சமவெளியில் நெல்லும் பருத்தியும் விளையும்; செம்புக் கல் கிடைப்பதில்லை. தொலைவிலுள்ள மலையிற் கல்லாய்க் கிடப்பது நம் இல்லத்திற் குடமாய் நிற்பதற்கு இடையே கற்றோர் பலருடைய உழைப்பு வேண்டும். அத்தகையோர் நம் நாட்டிலேயே தோன்றவேண்டுமென்று பாடுபட்ட பெரியார் பிரமதநாத போஸ் ஆவார்.

இவர் 1855-ஆம் ஆண்டு வங்காளத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தார். 1874-இல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் மாநகர் சென்று, அங்கே அரச சுரங்கக் கலாசாலையிலும் பயின்றார். 1880-இல் இந்திய பூதத்துவ இலாகாவில் உயர்தரப் பதவி ஏற்றார். சிக்கிம் நாட்டு மலைகளை ஆராய்ந்து, ஆங்குள்ள செம்புக் கற்களைப்பற்றியும் 1891-இல் எழுதினார்.

கல்லைக் கண்டறிதல் ஒன்று. அதனை உலோகமாக்குதல் வேறொன்று. செம்புக் கல்லில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே செம்பு இருத்தல் வழக்கம். அதனை இடித்துப் பொடியாக்கி, வீண்மண் நீக்கி, உலையிலிட்டு, இரும்பையும் கந்தகத்தையும் பிரித்து, இறுதியில் மின்சாரத்தால் தூய்மை செய்தல் வேண்டும். உலையின் நிறத்தையும் கசடின் ஓட்டத்தையும் கண்டு பக்குவம் அறியும் கண், ஏட்டினால் மட்டும் அமைவதன்று. இதனை உணர்ந்த போஸ், 1886-இலேயே தொழிற்கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்தி நூலொன்று வெளியிட்டார்.

1903-இல் அவருக்குச் சோதனை நேர்ந்தது. பத்தாண்டு பின்னர்ச் சேர்ந்த ஆங்கிலேயர் ஒருவர் இலாகாத் தலைவராக்கப்பட்டார். போஸ் பதவியைத் துறந்தார். மனக்கசப்போடு வீட்டில் இருந்தாரல்லர். மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் ஊழியம் ஏற்று, கோருமஹிசாணி மலையில் இரும்புத்தாது மிகுதியாயிருத்தலைக் கண்டு, 1904-இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதித் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே டாட்டா காலமாயினும் முயற்சி நிற்கவில்லை. 1911-இல் ஜாம்ஷெட்பூர் உலையில் இரும்பு உருகியோடிற்று.

உலை இருந்தும் அதனை நடத்த நம்மவர் இல்லையெனிற் பயன் என்னை? 1906-இல் கல்கத்தாவில் வங்காளத் தொழிற்கல்விக் கழகம் தொடங்கியபோது போஸ் ஊதியம் பெறாத முதல்வராய் அமர்ந்தார். அக்கழகத்தின் வழியிலேயே பிற்காலத்தில் யாதவபுரப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1921-இல் ஜாம்ஷெட்பூரிலும் இந்திய இளைஞர்க்கு உலோகத்தொழில் கற்பிக்கும் சாலை ஏற்பட்டது. அதே சிங்பூம் ஜில்லாவின் மௌபந்தாரில் 1930-இல் செம்பு உருக்குதல் தொடங்கியதையும் கண்ட பின்னரே, 1934-இல் போஸ் மறைந்தார்.

தமக்கு மறுக்கப்பட்ட நாற்காலியை எண்ணி வருந்தாது, பிறர் அமர்ந்து கற்கப் பலகைகள் இட்டவர் அவர். எழுதுகோல் பிடித்த கை கரிபடக் கூசும் வழக்கம் நம்மிடை இன்னும் அற்றொழியவில்லை. இனிச் செம்புக் குடத்தைக் காணுந்தோறும், அதன் பின்னே நின்ற கரிபடிந்த கைகளையும் நாம் நினைப்போமாக.