தணிகையைப் பாடிய வள்ளலாரும் தூதுவளையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் உள்ளது திருவாலங்காடு. காரைக்காலம்மையார் பாடிப் பரவிய ரத்தின சபை அங்கே விளங்குகிறது. அதற்குச் சில மைல் தொலைவில் தணிகை மலை. அம்மையாரின் வரலாற்றைக் கூறும் பெரியபுராணத்தை இளம் வயதிலேயே பிரசங்கித்தவரும், தணிகை முருகனைக் கண்ணாடியில் தரிசித்ததாகப் போற்றப்படுபவரும் இராமலிங்க வள்ளலார். அவர் மூலிகைகளின் குணமறிந்த வைத்தியருமாவார்.

அடிகளார் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி மருதூரில் பிறந்தார். தந்தை விரைவில் காலமானார். தமையனார் சபாபதி பிள்ளை சென்னையில் புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்தார். குரல்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. ஒருநாள் தமையனாருக்கு உடல்நலம் குன்றவே, தம்பி அவருக்குப் பதிலாகச் சென்று பேசினார். கூட்டம் வியந்தது.

1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்டு பசிப்பிணி தீர்த்த அடிகளார், உடலைப் பேணும் முறைகளையும் வகுத்துத் தந்தார். ஏழையும் வேலியோரத்தில் பறித்துக்கொள்ளக் கூடிய தூதுவளைக்கு அவற்றில் சிறப்பிடம் உண்டு. கபத்தை அகற்றுவது அதன் குணம். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த சூரணத்தைப் பாலும் நீருமாகக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து பருகச் சொன்னார்.

சீனத்திலும் இவ்வழி உண்டு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்ஜிங் என்னும் வைத்தியர் தொண்டை வலிக்கு அதிமதுரக் கஷாயம் கூறினார். தொண்டைக் கரகரப்புக்கு நம் வைத்தியர்கள் தருவதும் அதே அதிமதுரந்தான்.

1874 ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் அடிகளார் திருவறையுள் புகுந்தார். குழந்தைகளைக் கொள்ளைகொண்ட தொண்டை அடைப்பான் நோய்க்கு அன்று மாற்று இல்லை. 1890-இல்தான் பெர்லினில் பேரிங்கும் கிடசாடோவும் அதற்கு வழி கண்டனர்.

சாதாரணத் தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணியும். அதுவரை இதம் தருவதே மூலிகையின் பணி. ஆனால் கடுங்காய்ச்சல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் கண்டால் கஷாயத்தோடு காத்திருக்கலாகாது. சில வகைத் தொண்டை அழற்சி, கவனியாது விட்டால், பிள்ளைகளின் இருதயத்தையே கெடுத்துவிடும். உடனே டாக்டரிடம் காட்டுவதே அறிவு. உயிரைக் காப்பதே பெரும் புண்ணியம் என்று வாழ்ந்து காட்டியவரின் நெறியும் அதுவே.