நடு இரவில் மிரட்டிய வீணை வித்துவான்

மர்மப் படம் என்று பேச்செடுத்தால் வங்காளி நண்பர்கள் 1951-ல் அஜய் கர் எடுத்த ‘ஜிகாங்சா’வைப் பெருமையாகச் சொல்வார்கள். பதிலுக்கு நாம் சொல்லத்தக்க பெயர் எஸ். பாலசந்தர். டைரக்டர் கே. பாலசந்தர் வேறு, இவர் வீணை பாலசந்தர்.

1927 ஜனவரி 18-ல் பிறந்தவர். 1934-ல் வந்த ‘சீதா கல்யாண’த்தில் சிறு பையனாகக் கஞ்சிரா வாசித்தார். அதில் ராமராக நடித்தவர் அண்ணன் எஸ். ராஜம். பிற்பாடு வீணையை எந்தக் குருவிடமும் கற்காமல் தாமே சாதகம் செய்து வித்துவான் ஆனார்.

சினிமாவிலும் பிறர் போட்ட பாதையில் அவர் போகவில்லை. பாட்டில்லாமல் படம் ஏது என்றிருந்த 1954-ல், ஏவி.எம்.முக்காக ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். சிவாஜி நடித்தும் வசூல் இல்லை. மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது. 1943-ல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாளில் நடக்கும் கொலைதான் கதை. அதே யுத்தத்தில் கிதிர்ப்பூர் துறைமுகத்தில் குண்டு விழுந்த கல்கத்தாவுக்கு அந்தப் பயம் புதிதல்ல. ‘அவனா இவன்’, ‘பொம்மை’ பின்னர் வந்தன. ஜேசுதாசைத் தமிழில் பாட வைத்தது 1964-ன் ‘பொம்மை’தான்.

ஆனால் இன்றும் நம்மவர் விளக்கை அணைக்கத் தயங்குவது ‘நடு இரவில்’ பார்த்த பிறகே. அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய இப்படம், வாங்க ஆளில்லாமல் சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்து 1970-ல் வெளியாயிற்று. தீவில் ஒரு மாளிகை, பணக்காரராக மேஜர் சுந்தரராஜன், சித்தம் கலங்கிய மனைவியாக பண்டரிபாய். வந்து சேர்ந்த உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். டாக்டர் வேஷம் பாலசந்தருக்கு, சங்கீதமும் அவரே. கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் திட்டுவார்கள்!

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் கத்தியைவிட வயலின்தான் நம்மை அதிகம் குத்துகிறது. சத்தத்தின் அந்த வலிமை வீணைக்காரருக்குத் தெரியாதா? எங்கே நிறுத்தி எங்கே அதிர வைப்பது என்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் படம் நிலைத்ததற்கு நான் சொல்லும் காரணம் வேறு. அங்கே பேய் இல்லை, பங்காளிகள் இருக்கிறார்கள். ஊரில் ஒரு முழ நிலத்துக்காகச் சகோதரனோடு பேச்சை நிறுத்தியவனுக்கு, சொத்தை நினைத்துக்கொண்டு ஒரே கூரையின்கீழ் படுத்திருக்கும் அந்த உறவினர்களின் முகம் தெரிந்த முகம்தான்.

அதற்குப்பின் அவர் படம் இயக்கவில்லை. வீணையே வாழ்க்கை ஆயிற்று. 1982-ல் பத்மபூஷண். ஹௌராவிலிருந்து பம்பாய் மெயில் போகும் பாதையில் இருக்கும் பிலாய்க்குச் சென்றிருந்தபோது, 1990 ஏப்ரல் 13-ல் அங்கேயே காலமானார். ‘அந்த நாள்’ வெளியானதும் ஓர் ஏப்ரல் 13-ல்தான்.