வெல்லாத 653 பந்தயங்கள்

தாம்பரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் பந்தயம் பார்க்கச் செல்லும்போதெல்லாம், பின்வரிசையில் ஓட்டுபவர்களையே என் கண்கள் தேடும். அப்போது என் நினைவுக்கு வருபவர் அமெரிக்கரான ஜே.டி. மெக்டஃபி.

1938-ல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். சாலையில் ஓடும் கார்களின் தோற்றம் கொண்ட ‘ஸ்டாக் கார்’களுக்கான நாஸ்கார் தொடரின் முதன்மைப் பிரிவில் 1963-ல் களமிறங்கினார். 28 ஆண்டுகளில் 653 பந்தயங்கள். ஒன்றில்கூட முதலிடம் இல்லை. மூன்றாம் இடமே அவர் எட்டிய உச்சம். எனினும், முதல் பத்து இடங்களுக்குள் 106 முறை வந்தார். 1978-ல் டோவர் களத்தின் தகுதிச் சுற்றில் அனைவரையும் முந்தினார்.

பெரிய அணிகளின் பணபலம் அவரிடம் இல்லை. தமது காருக்குத் தாமே உரிமையாளர், தாமே மெக்கானிக். பரிசுப் பணத்தில்தான் அடுத்த பந்தயத்துக்கு டயர் வாங்க வேண்டும். எனவே, காரைச் சிதைக்காமல் பந்தயத்தை முடிப்பதே அவருடைய பிழைப்பாக இருந்தது.

1991 ஆகஸ்ட் 11 அன்று வாட்கின்ஸ் கிளென் களத்தில், ஐந்தாவது சுற்றில் சக்கரம் கழன்று, கார் தடுப்பில் மோதியது. மெக்டஃபி உயிரிழந்தார். அந்த வளைவுக்கு முன்பு வேகத்தைக் குறைக்கும் திருப்பம் அடுத்த ஆண்டுதான் அமைக்கப்பட்டது.

முந்துவதற்கு ஆள் இருந்தால்தான் ஒருவர் முதலிடம் பெற முடியும். மெக்டஃபி போன்றோர் தம் செலவில் வந்து நின்றதால்தான் களம் நிறைந்தது. எந்தப் போட்டியும் தன் பரிசையும் பாதுகாப்பையும் பின்வரிசைக்கும் பகிர்ந்தளிக்கக் கடன்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.